ஆக்சிஜன் உருண்டை, நியான் சுரைக்காய்: அணுக்கருவின் எண்களைப் படித்த மரியா கோப்பர்ட் மேயர் யார்?

2025 ஜூலை தொடக்கத்தில், ஜெனீவா அருகே பூமிக்கு அடியில் இருக்கும் 27 கிலோமீட்டர் வளையத்தில் வழக்கத்தில் இல்லாத ஒரு வேலை நடந்தது. லார்ஜ் ஹேட்ரான் கொலைடர் என்ற அந்த இயந்திரம் ஆண்டின் பெரும்பகுதி புரோட்டான்களை மோதவிடும். சில வாரங்கள் ஈய அணுக்கருக்களை மோதவிடும். இந்த முறை ஆக்சிஜனோடு ஆக்சிஜன், அடுத்து நியானோடு நியான்.

ஆக்சிஜன் அணுக்கருவில் 8 புரோட்டான், 8 நியூட்ரான். நியானில் 10, 10. மொத்தமே நாலு துகள்தான் வித்தியாசம். ஆனால் கணக்குப்படி ஆக்சிஜன் ஏறக்குறைய உருண்டை, நியான் இடுப்பு ஒடுங்கிய சுரைக்காய் மாதிரி. இந்த வடிவ வித்தியாசம் மோதலில் சிதறும் துகள்களில் தெரியுமா என்று பார்ப்பது சோதனையின் நோக்கங்களில் ஒன்று.

அணுக்கருவுக்கு வடிவம் என்று ஒன்று உண்டா? 8 என்றால் உருண்டை, 10 என்றால் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விகளைப் பின்னோக்கித் துரத்திப் போனால், 1940களின் கடைசியில் சிகாகோவில் எண் அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நிற்பீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு மேஜை உண்டு, பதவிப் பெயர் உண்டு, மாணவர்கள் உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது.

பேராசிரியர்கள் வீட்டுப் பெண்

மரியா கோப்பர்ட் பிறந்தது 1906 ஜூன் 28, கட்டோவிட்ஸ் நகரில். அன்று அது ஜெர்மனி, இன்று போலந்து. அவருக்கு நாலு வயது ஆகும்போது குடும்பம் கோட்டிங்கன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா குழந்தைகள் மருத்துவப் பேராசிரியர். அந்தக் குடும்பத்தில் ஆறு தலைமுறையாக பேராசிரியர்கள். வளர்ந்து வெறும் இல்லத்தரசியாக மட்டும் ஆகிவிடாதே என்று அப்பா சொல்லி வளர்த்த ஒரே பிள்ளை.

1924இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அதே ஊரில் குவாண்டம் இயற்பியல் வெடித்துக் கிளம்பியது. மேக்ஸ் பார்ன் அங்கே இருந்தார், அவரைச் சுற்றி உலகம் முழுவதிலிருந்தும் இளைஞர்கள். மரியா கணிதத்தை விட்டு பார்னிடம் இயற்பியலுக்கு மாறினார்.

1930இல் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு, ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்க முடியுமா என்பது பற்றியது. முடியும், ஆனால் மிக அபூர்வமாக என்று கணக்குப் போட்டார். சோதித்துப் பார்க்க அன்று வழியே இல்லை. லேசர் வந்த பிறகு, 1961இல், அது உண்மை என்று நிரூபணம் ஆனது. இன்று மூளையின் நரம்பு செல்களைப் படம் எடுக்கும் ஒருவகை நுண்ணோக்கி இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அதற்கான அலகின் பெயரும் கோப்பர்ட் மேயர்தான். ஆய்வேட்டைப் பரிசீலித்த மூன்று பேர் பார்ன், ஜேம்ஸ் ஃபிராங்க், அடோல்ஃப் விண்டாஸ். மூவருமே நோபல் பரிசு வாங்கியவர்கள் (பார்ன் மட்டும் பிற்பாடு வாங்கினார்).

இப்படி ஒரு ஆய்வேட்டோடு வெளியே வரும் ஓர் ஆணுக்கு வேலை எவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மரியா அதே ஆண்டு ஜோசப் மேயர் என்ற அமெரிக்க வேதியியலாளரைக் கல்யாணம் செய்துகொண்டு பால்டிமோருக்குக் கப்பல் ஏறினார்.

30 ஆண்டு காத்திருப்பு

'சம்பளம் கிடையாது, அனுபவம் கிடைக்கும்' வகை இன்டர்ன்ஷிப் விளம்பரங்களை லிங்க்ட்இன்னில் பார்த்து நீங்கள் எரிச்சல் அடைந்திருப்பீர்கள். அதை அப்படியே நீட்டிப் பாருங்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசப்புக்கு வேலை. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்ற விதி அன்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்தது. உறவினர்களுக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்க வந்த விதி அது. நடைமுறையில் அது மனைவிகளை மட்டும் வெளியே நிறுத்தியது. பொருளாதாரப் பெருமந்த காலம் வேறு, ஒரு வீட்டுக்கு இரண்டு சம்பளம் என்றாலே முகம் சுளித்தார்கள். மரியாவுக்குக் கிடைத்தது ஜெர்மன் கடிதங்களைக் கவனிக்கும் உதவியாளர் வேலை, அதற்குச் சொற்பப் பணம், உட்கார ஓர் இடம். அங்கே உட்கார்ந்து ஆய்வு செய்தார், பாடம் எடுத்தார், மாணவர்களுக்கு வழிகாட்டினார். ராபர்ட் சாக்ஸ் என்ற மாணவரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1939இல் கணவருக்கு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து நியூயார்க் போனார்கள். அங்கேயும் மரியாவுக்கு ஓர் அறை கொடுத்தார்கள், சம்பளம் கொடுக்கவில்லை. அங்கேதான் என்ரிகோ ஃபெர்மி பழக்கமானார். யுரேனியத்துக்கு அப்பால் இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பு எப்படி இருக்கும் என்று கணக்கிடச் சொன்னார் ஃபெர்மி. அருமண் தனிமங்கள் போல இன்னொரு வரிசை வரும் என்றார் மரியா, அப்படியே வந்தது.

ஆசிரியராக முதல் சம்பள வேலை 1941 டிசம்பரில், சாரா லாரன்ஸ் கல்லூரியில், அதுவும் பகுதி நேரம். அடுத்த ஆண்டு போர்க்கால ரகசியத் திட்டத்தில் யுரேனியம் ஐசோடோப்களைப் பிரிக்கும் ஆய்வில் சேர்ந்தார். ஒளியைப் பயன்படுத்திப் பிரிக்க முடியுமா என்று பார்த்தார்கள், அது நடைமுறைக்கு உதவவில்லை.

1946இல் சிகாகோ. பதவிப் பெயர் தன்னார்வ இணைப் பேராசிரியர். 'தன்னார்வ' என்ற சொல் அங்கே எந்த வேலையைச் செய்கிறது என்று உங்களுக்குப் புரியும். அதே ஆண்டு பக்கத்தில் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் தொடங்கியது. பழைய மாணவர் ராபர்ட் சாக்ஸ் இப்போது அங்கே பொறுப்பில் இருந்தார், தன் ஆசிரியைக்குப் பாதி நேர வேலை கொடுத்தார், சம்பளத்தோடு. எனக்கு அணுக்கரு இயற்பியல் பற்றி ஒன்றும் தெரியாதே என்று மரியா தயங்கினார். கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லி அழைத்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது 40ஐ ஒட்டி.

அட்டவணையில் துருத்திக்கொண்டிருந்த எண்கள்

தரவுகளோடு மல்லுக்கட்டுகிற என் போன்றவர்களுக்கு மரியாவின் வாழ்க்கையில் மிகப் பிடித்த பகுதி இது. எட்வர்ட் டெல்லரோடு சேர்ந்து தனிமங்கள் எப்படித் தோன்றின என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எந்த ஐசோடோப் இயற்கையில் எவ்வளவு கிடைக்கிறது என்ற பட்டியல்களை வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தார். சில எண்கள் துருத்திக்கொண்டு நின்றன.

வெள்ளீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 50 புரோட்டான். அதற்கு நிலையான ஐசோடோப்கள் 10, வேறெந்தத் தனிமத்துக்கும் இத்தனை கிடையாது. ஒரே ஒரு புரோட்டான் கூடுதலாக உள்ள ஆன்டிமனிக்கு வெறும் 2. ஈயத்தில் 82 புரோட்டான். யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் இயற்கையான கதிரியக்கச் சிதைவு வரிசைகள் எல்லாம் ஈயத்தில் வந்துதான் நிற்கின்றன. இப்படித் தேடத் தேட 20, 50, 82, 126 என்று அதே எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. இந்த எண்ணிக்கையில் புரோட்டானோ நியூட்ரானோ இருந்தால் அந்த அணுக்கரு மற்றவற்றைவிட அதிக உறுதியாக இருக்கிறது.

இதை முதலில் கவனித்தவர் மரியா அல்ல. 1930களிலேயே வால்டர் எல்சாசர் சிலவற்றைச் சுட்டிக்காட்டியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. காரணம், அணுக்கரு என்பது ஒரு திரவத் துளி என்ற நீல்ஸ் போரின் சித்திரம் அன்று ஆட்சி செய்தது. துளிக்குள் துகள்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருக்கும், அதில் ஒழுங்கான அடுக்குகளுக்கு இடமே இல்லை என்பது பொதுக் கருத்து. அணுக்கருப் பிளவை அந்தச் சித்திரம் நன்றாக விளக்கியதால் அதைச் சந்தேகிக்க யாருக்கும் அவசரமில்லை. இந்த எண்களுக்கு 'மாய எண்கள்' என்று பெயர் வைத்தவர் யூஜின் விக்னர். நம்பிக்கையில் வைத்த பெயர் அல்ல, கிண்டல் கலந்தது.

மரியா 1948இல் ஆதாரங்களை எல்லாம் ஒன்றாகக் குவித்து வெளியிட்டார். சாட்சிகள் இவ்வளவு ஆன பிறகு ஒதுக்க முடியவில்லை. ஆனால் காரணம்? எலக்ட்ரான்களைப் போல அடுக்கடுக்காக நிரப்பிக் கணக்குப் போட்டால் 2, 8, 20 வரை சரியாக வருகிறது. அதற்கு மேல் 40, 70, 112 என்று வந்தது. இயற்கை சொல்வதோ 50, 82, 126.

விடை வந்த கதை பிரபலம். மரியாவும் ஃபெர்மியும் பேசிக்கொண்டிருந்தபோது ஃபெர்மிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எழுந்து போகும் வழியில் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டார்: துகளின் சுழற்சிக்கும் அது சுற்றிவரும் பாதைக்கும் இடையே பிணைப்பு இருப்பதற்கு ஏதாவது அறிகுறி உண்டா? அவர் திரும்பி வருவதற்குள் மரியாவின் தலைக்குள் எண்கள் எல்லாம் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. வருடக்கணக்காக அந்தத் தரவுகளை மனப்பாடமாக வைத்திருந்தவருக்குத்தான் அது சில நிமிட வேலை.

பிற்பாடு அவர் தன் மகளுக்கு இதை வால்ட்ஸ் நடனத்தை வைத்து விளக்கினார். ஒரு பெரிய கூடத்தில் வட்டத்துக்குள் வட்டமாக ஜோடிகள் சுற்றி வருகிறார்கள். ஒவ்வொரு ஜோடியும் தன்னைத்தானே சுழன்றுகொண்டும் போகிறது. வட்டம் போகும் திசையிலேயே சுழல்பவர்களுக்கு ஆட்டம் சுலபம், எதிர்த்திசையில் சுழல்பவர்களுக்குச் சிரமம் அதிகம். அதாவது ஒரே அடுக்கில் இருப்பவர்களுக்குள்ளேயே ஆற்றல் வித்தியாசம் வந்துவிடுகிறது. அணுக்கருவில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது என்று வைத்துக்கொண்டால், அடுக்குகள் பிளந்து வேறு இடத்தில் இடைவெளி விழும். அப்போது 28, 50, 82, 126 தானாகவே வருகின்றன.

1949இல் இதே விடையை ஜெர்மனியில் ஓட்டோ ஹாக்ஸல், ஹான்ஸ் யென்சன், ஹான்ஸ் சூஸ் மூவரும் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். சாதாரணமாக இந்த இடத்தில் அறிவியல் வரலாற்றில் சண்டை ஆரம்பிக்கும். மரியாவும் யென்சனும் நண்பர்களானார்கள், 1955இல் சேர்ந்தே புத்தகம் எழுதினார்கள்.

சரி, வடிவம் எங்கே வந்தது?

அடுக்கு முழுதாக நிரம்பிய அணுக்கரு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும், அதாவது உருண்டை. ஈயம்-208இல் 82 புரோட்டான், 126 நியூட்ரான். இரண்டுமே மாய எண். எனவே அது மிக உறுதியான உருண்டைகளில் ஒன்று. ஆக்சிஜன்-16இலும் இரண்டு பக்கமும் 8, அதுவும் மாய எண். நியானின் 10 அப்படியல்ல.

அடுக்கு பாதி நிரம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மரியாவின் மாதிரியில் நேரடி விடை இல்லை. வெளியே சுற்றும் துகள்கள் உள்ளே இருக்கும் உருண்டையை இழுத்து நசுக்கி நீட்டிவிடும் என்று 1950இல் சொன்னவர் கொலம்பியாவின் ஜேம்ஸ் ரெய்ன்வாட்டர். அவரோடு ஒரே அறையில் இருந்த ஆகே போர் (நீல்ஸ் போரின் மகன்) அதைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோய் பென் மோட்டல்சனோடு சேர்ந்து முழுக் கோட்பாடாக்கினார். மூவருக்கும் 1975இல் நோபல்.

மரியாவுக்கு 1956இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி உறுப்பினர் மரியாதை கிடைத்தது. 1960இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சான் டியேகோவில் அவருக்கும் கணவருக்கும் சேர்த்து அழைப்பு விடுத்தது. முனைவர் பட்டம் வாங்கி 30 ஆண்டுகள் கழித்து, 54 வயதில், முழுநேரச் சம்பளப் பேராசிரியராக அங்கே சேர்ந்தார். போன சில வாரங்களிலேயே பக்கவாதம் தாக்கியது. பேச்சும் கையும் முன்பு போல இல்லை. ஆனாலும் பாடம் எடுப்பதையும் ஆய்வையும் விடவில்லை.

1963 இயற்பியல் நோபலில் பாதி விக்னருக்கு. மீதியை மரியாவும் யென்சனும் பகிர்ந்துகொண்டார்கள். மாய எண் என்று கிண்டலாகப் பெயர் வைத்தவரும் அதற்குக் காரணம் கண்டுபிடித்தவரும் ஒரே மேடையில். 1903இல் மேரி கியூரி வாங்கியதற்குப் பிறகு இயற்பியல் நோபல் வாங்கிய முதல் பெண் இவர்தான். உள்ளூர்ப் பத்திரிகை தலைப்பில் அவரை சான் டியேகோவைச் சேர்ந்த ஒரு தாய் என்று எழுதியது. 1972 பிப்ரவரி 20இல், 65 வயதில் இறந்தார். அடுத்து ஒரு பெண்ணுக்கு இயற்பியல் நோபல் கிடைக்க 2018 வரை ஆனது.

மோதவிட்டால் வடிவம் எப்படித் தெரியும்?

மரியா காலத்தில் வடிவத்தை மறைமுகமாகத்தான் அளந்தார்கள். அணுக்கருவைக் கொஞ்சம் கிளறிவிட்டு, அது வெளியிடும் கதிர்களைப் பார்ப்பார்கள். அதில் ஒரு சிக்கல். ஓடுகிற மின்விசிறியை மெதுவான ஷட்டரில் படம் எடுத்தால் இறக்கை தெரியாது, வட்டமான மங்கல்தான் தெரியும். நீளமான அணுக்கருவும் சுழன்றுகொண்டே இருக்கிறது, பழைய முறைகளில் கிடைப்பது அந்தச் சுழற்சியின் சராசரி.

பெரும் ஆற்றல் மோதல் என்பது மிக வேகமான ஷட்டர். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ரிக் இயந்திரத்தில் அணுக்கருக்கள் ஏறக்குறைய ஒளி வேகத்தில் வந்தன. அந்த வேகத்தில் அவை பயணத் திசையில் சுமார் 100 மடங்கு சுருங்கி, தட்டையான தோசை மாதிரி ஆகிவிடும். இரண்டும் ஒன்றையொன்று கடக்க ஆகும் நேரம் ஒரு விநாடியின் கோடி கோடி கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதற்குள் அணுக்கரு திரும்பவே முடியாது. எந்த நிலையில் இருந்ததோ அப்படியே மாட்டிக்கொள்ளும்.

மோதிய இடத்தில் சூரியனின் மையத்தைவிட சுமார் 2.5 லட்சம் மடங்கு சூடு. புரோட்டானும் நியூட்ரானும் உருகி, குவார்க்-குளூவான் பிளாஸ்மா என்ற குழம்பாகின்றன. அது திரவம் போல விரிந்து, குளிர்ந்து, ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறும். இப்போது யுரேனியம்-238ஐ நினைத்துப் பாருங்கள், ரக்பி பந்து போல நீளமானது. இரண்டு பந்துகளும் முனையோடு முனை மோதினால் சூடான பகுதி சிறியதாக, வட்டமாக, நெருக்கமாக இருக்கும். துகள்கள் எல்லாப் பக்கமும் சமமாக, வேகமாகத் தெறிக்கும். பக்கவாட்டில் முழுதாக மோதினால் சூடான பகுதி நீள்வட்டமாகும். ஒடுங்கிய திசையில் அழுத்தம் மையத்திலிருந்து ஓரம் வரை சட்டென்று இறங்குவதால், அந்தத் திசையில் தள்ளுதல் அதிகம். துகள்கள் ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் போகும். அடர்த்தி குறைவு என்பதால் சராசரி வேகமும் குறையும்.

எந்த மோதலில் பந்து எப்படித் திரும்பியிருந்தது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் கோடிக்கணக்கான மோதல்களைச் சேர்த்துப் பார்த்தால், திசை ஏற்றத்தாழ்வு கூடும்போது வேகம் குறைகிற உறவு யுரேனியத்தில் பளிச்சென்று தெரியும். உருண்டைக்கு நெருக்கமான தங்கத்தில் அப்படித் தெரியாது. ரிக்கில் உள்ள ஸ்டார் குழு இதைத்தான் செய்து, 2024 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டது. யுரேனியம் நீளமானது என்பது உறுதியானதோடு, அதன் மூன்று அச்சுகளும் லேசாக வெவ்வேறு நீளம் என்பதற்கும் குறிப்பு கிடைத்தது. இந்த ஸ்டார் கருவியில் ஃபோட்டான்களை எண்ணும் ஒரு பகுதியை இந்திய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கின. கொல்கத்தாவின் வேரியபிள் எனர்ஜி சைக்ளோட்ரான் மையம் அதில் முக்கியமானது.

வடிவத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரிக்கிலேயே உதாரணம் உண்டு. 2018இல் ருத்தேனியம்-96, சிர்க்கோனியம்-96 இரண்டையும் தனித்தனியாக மோதவிட்டார்கள். இரண்டிலும் மொத்தம் 96 துகள், ஆனால் புரோட்டான் 44, 40. நோக்கம் வேறு. மோதலில் உண்டாகும் காந்தப்புலத்தால் மின்னூட்டங்கள் பிரிகின்றனவா என்று பார்ப்பது. மற்ற எல்லாம் சமமாக இருக்கும், காந்தப்புலம் மட்டும் மாறும் என்பது திட்டத்தின் அடிப்படை எதிர்பார்ப்பு. 2021இல் முடிவுகள் வந்தபோது அந்த 'மற்ற எல்லாம்' சமமாக இல்லை. உருவான துகள்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் இரண்டிலும் வேறு. ஒன்று சற்று நீளம், மற்றது பேரிக்காய்ச் சாயல், வெளிப்புற நியூட்ரான் தோலின் தடிமனும் வேறு. தேடிய விளைவு கிடைக்கவில்லை. ஆனால் அணுக்கருவின் வடிவத்தை இவ்வளவு நுட்பமாக இந்த முறையில் அளக்க முடியும் என்று எல்லோருக்கும் புரிந்தது அந்தச் சோதனையால்தான்.

அதற்கு முன்பே, 2017 அக்டோபரில், ஜெனீவாவில் சில மணி நேரம் செனானை ஓடவிட்டிருந்தார்கள். செனான்-129 லேசாக நீண்டது. நேருக்கு நேரான மோதல்களில் அதன் திசை ஏற்றத்தாழ்வு ஈயத்தைவிடக் கூடுதலாக வந்தது. ஒப்பிட ஈயம் வசதியாக இருப்பதற்குக் காரணம் அதன் 82ம் 126ம்தான்.

2025 ஜூலைக்கு வருவோம். ஆலிஸ், அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய மூன்று குழுக்களும் சில வாரங்களிலேயே முதல் முடிவுகளை வெளியிட்டன. நேருக்கு நேரான மோதல்களில், இரண்டு திசைகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு ஆக்சிஜனைவிட நியானில் தெளிவாக அதிகம். நியான் சுரைக்காய் என்று வைத்துப் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போகிறது.